தோற்ற அணி பாடிய பாட்டு: கொரியாவின் சூசொக் திருநாள்

நேயர்களுக்கு வணக்கம்.

கொரிய மக்களின் அறுவடைத் திருநாளான சூசொக் பற்றிப் பேச வந்திருக்கிறேன். சந்திரக் கணக்கில் எட்டாம் மாதத்துப் பௌர்ணமியன்று வருவதால், இது ஆங்கில நாள்காட்டியில் ஆண்டுதோறும் இடம் மாறும். 2025இல் அக்டோபர் 6, 2026இல் செப்டம்பர் 25. தென் கொரியாவில் முந்தைய நாளும் மறுநாளும் சேர்த்து மூன்று நாள் அரசு விடுமுறை என்பது 1989 முதல் நடைமுறையில் உள்ளது. ஹன்கவி என்ற பழம்பெயரும் இதற்கு உண்டு. ‘கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம், எந்நாளும் ஹன்கவி போலவே இருக்கட்டும்’ என்று கொரியர்கள் இன்றும் வாழ்த்துகிறார்கள். 1819இல் எழுதப்பட்ட பருவ வழக்கங்கள் பற்றிய நூலொன்றிலேயே இந்த வாழ்த்து இடம்பெற்றுவிட்டது.

அறுவடைத் திருநாள் என்று சொல்கிறோமே தவிர, செப்டம்பர் நடுவிலேயே சூசொக் வந்துவிடும் ஆண்டுகளில் பெரும்பாலான வயல்களில் கதிர் முற்றியிருப்பதில்லை. முன்கூட்டியே விளையும் நெல்லில் கொஞ்சம் அறுத்து, அந்தப் புது அரிசியை முன்னோருக்குப் படைப்பதுதான் வழக்கம். நம் ஊர்களில் புதிர் எடுப்பது என்பார்களே, ஏறக்குறைய அதுதான். நெல் தாமதமாக விளையும் தென்கிழக்குப் பகுதியின் சில ஊர்களில், படையலையே ஒன்பதாம் மாதத்தின் ஒன்பதாம் நாளுக்குத் தள்ளிவைத்து வந்திருக்கிறார்கள்.

ஆனால் இத்திருநாளைப் பற்றிக் கொரியர்களிடம் உள்ள மிகப் பழைய கதையில் நெல்லே இல்லை, சணல்தான் இருக்கிறது. 1145இல் கிம் பூசிக் என்னும் அறிஞர் தொகுத்து முடித்த ‘சம்குக் சாகி’ என்னும் வரலாற்று நூல், பண்டைக் கொரிய நாடுகளில் ஒன்றான சில்லாவின் அரசர் யூரியின் ஒன்பதாம் ஆட்சியாண்டில், அதாவது கி.பி. 32இல், நடந்ததாக அதைச் சொல்கிறது. தலைநகரின் ஆறு பிரிவுகளையும் இரண்டு அணியாக வகுத்து, அணிக்கு ஓர் இளவரசியைத் தலைவியாக்கினார் அரசர். ஏழாம் மாதம் 16ஆம் நாள் தொடங்கி, பெண்கள் விடியற்காலையில் முற்றத்தில் கூடி, இரவு பத்து மணி அளவு வரை சணல் நாரைத் திரித்து நூலாக்கினார்கள். ஒரு மாதம் கழித்து, எட்டாம் மாதப் பௌர்ணமியன்று யார் வேலை அதிகம் என்று கணக்குப் பார்க்கப்பட்டது. தோற்ற அணி சோறும் மதுவும் ஆக்கி வென்ற அணிக்கு விருந்து வைத்தது. ஆட்டமும் பாட்டும் நடந்தன. இதற்குக் ‘கபே’ என்று பெயர். ஹன்கவி என்ற சொல்லின் பின்பாதி இதிலிருந்து வந்தது என்பது பொதுவான கருத்து.

அந்தக் குறிப்பில் என் மனம் நிற்கும் இடம் அதன் கடைசி வரிகள். விருந்தின் நடுவே, தோற்ற அணியைச் சேர்ந்த ஒரு பெண் எழுந்து ஆடியபடி, ‘ஹோசோ, ஹோசோ’ என்று பெருமூச்செறிந்து பாடினாளாம். அக்குரல் சோகமும் நயமும் கலந்து இருந்ததால், பிற்காலத்தார் அதையே கொண்டு ஒரு பாட்டு அமைத்தார்களாம். அப்பாட்டின் சொற்கள் நமக்குக் கிடைக்கவில்லை. அந்த ஒரு கூவல் மட்டும் எஞ்சியிருக்கிறது. நிகழ்ச்சிக்கும் நூலுக்கும் இடையே ஆயிரத்து நூறு ஆண்டுகள் இருப்பதால், கி.பி. 32 என்பதை நாம் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. எனினும் ஒரு திருநாளின் தோற்றத்தைச் சொல்ல வந்த குறிப்பு, வென்றவர்களை விட்டுவிட்டுத் தோற்றவள் ஒருத்தியின் பெருமூச்சோடு முடிவது எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

இன்னொரு சான்று வெளியிலிருந்து கிடைக்கிறது. ஜப்பானியத் துறவி என்னின், 839இல் சீனத்தின் ஷாண்டொங் கரையில் சில்லா மக்கள் குடியேறியிருந்த இடத்தில், ஜாங் போகோ என்ற கடல்வணிகத் தலைவர் கட்டிய பௌத்த மடத்தில் தங்கியிருந்தார். எட்டாம் மாதப் பௌர்ணமியன்று அவர்கள் பணியாரங்கள் செய்து, மூன்று நாள் இரவும் பகலும் இசையோடு கொண்டாடுவதையும், பிற நாடுகளில் இத்திருநாள் இல்லை என்பதையும் தம் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். காரணம் கேட்டபோது அங்கிருந்த முதிய துறவிகள், முற்காலத்தில் ஒரு போரில் பெற்ற வெற்றியை நினைவுகூர்கிறோம் என்றார்களாம். சணல் திரித்த பெண்களின் பேச்சு அங்கே வரவே இல்லை.

இனிப் பலகாரத்துக்கு வருவோம். சொங்பியொன் என்பது நம் கொழுக்கட்டைக்கு மிக நெருங்கிய உறவு. அரிசி மாவை வெந்நீர் விட்டுப் பிசைந்து, எள்ளும் இனிப்பும், அல்லது கஷ்கொட்டை, பயறு, இவற்றில் ஏதேனும் ஒன்றைப் பூரணமாக வைத்து, பாதி நிலா வடிவில் மடித்து, பைன் ஊசியிலைகளைப் பரப்பி அவற்றின்மேல் ஆவியில் வேகவைக்கிறார்கள். ‘சொங்’ என்றால் பைன். பெயரே அங்கிருந்துதான் வருகிறது. முழுநிலா நாளில் ஏன் பாதி நிலா என்று கேட்டால், சில்லாவின் போட்டி நாடாக இருந்து கி.பி. 660இல் அழிந்த பெக்ஜேயின் கதையைச் சொல்வார்கள். அரண்மனை நிலத்தைத் தோண்டியபோது கிடைத்த ஆமையின் முதுகில், ‘பெக்ஜே முழுநிலா, சில்லா இளம்பிறை’ என்று எழுதியிருந்ததாம். முழுநிலா இனித் தேயும், பிறை வளரும் என்று பொருள் சொன்ன குறிகாரரை அரசர் கொன்றுவிட்டார். ஆமைக் கதை பழைய நூலில் உள்ளது. கொழுக்கட்டைக்கும் அதற்கும் முடிச்சுப் போட்டது பிற்கால மக்களின் கற்பனை என்றே நான் கருதுகிறேன். அழகாகச் சொங்பியொன் பிடிக்கும் பெண்ணுக்கு அழகான மகள் பிறப்பாள் என்ற சொலவடையும் உண்டு.

திருநாளுக்குச் சில வாரங்கள் முன்பே, முன்னோர் கல்லறை மேடுகளில் வளர்ந்த புல்லை வெட்டிச் சீர்செய்கிறார்கள். நகரவாசிகள் பலர் இதைக் கூலி கொடுத்துச் செய்விக்கத் தொடங்கிவிட்டார்கள். வட கொரியாவில் பிறந்து, போருக்குப் பின் ஊர் திரும்ப முடியாமல் தெற்கில் தங்கிவிட்டவர்களுக்கு அந்த வழியும் கிடையாது. எல்லையை ஒட்டிய இம்ஜின்காக்கில், 1985இல் கட்டப்பட்ட பொதுப் பலிபீடத்தின் முன் வடக்கு நோக்கி நின்று அவர்கள் வணங்குகிறார்கள்.

சூசொக் காலையில் வீட்டில் நடக்கும் படையலுக்குச் சாரே என்று பெயர். சிவப்புக் கனி கிழக்கே, வெள்ளைக் கனி மேற்கே என்பது போன்ற அடுக்கு விதிகளை வீட்டு ஆண்கள் கண்டிப்பாகப் பேசுவார்கள். அடுப்படியில் நிற்பவர்கள் பெரும்பாலும் மருமகள்கள். மீன், காய், இறைச்சி ஆகியவற்றை மாவிலும் முட்டையிலும் தோய்த்துப் பொரிக்கும் ‘ஜொன்’ என்ற பண்டத்துக்காக முந்தைய நாள் முழுவதும் எண்ணெய்ச் சட்டியருகே அமர்ந்து, திருநாள் முடிந்ததும் உடல்வலியோடும் மனக்கசப்போடும் எழும் பெண்களின் நிலைக்கு ‘திருநாள் நோய்’ என்றே கொரியாவில் பெயர் வைத்துவிட்டார்கள். அந்தக் கசப்பு மணமுறிவு வரைக்கும் போவதாகச் செய்தித்தாள்கள் ஆண்டுதோறும் எழுதுகின்றன.

2022ஆம் ஆண்டு சூசொக்குக்குச் சில நாள் முன்பு, கன்ஃபூசிய மரபின் தலைமைப் பீடமான சொங்யுன்குவான் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. படையலுக்குச் சொங்பியொன், காய்க்கறி, பொரித்தெடுக்காத சுட்ட இறைச்சி, கிம்ச்சி, நான்கு வகைப் பழங்கள், மது என ஒன்பது பொருள் போதும், ஜொன் கட்டாயமில்லை, சிவப்புக் கனி கிழக்கே என்ற விதிக்கும் பழைய சடங்கு நூல்களில் ஆதாரமில்லை. எண்ணெயில் பொரித்தவற்றைப் படைப்பது முறையல்ல என்று கிம் ஜாங்செங் என்ற பழைய சடங்கு அறிஞரே எழுதியிருப்பதையும் அது எடுத்துக்காட்டியது. மரபு என்று நம்பி இத்தனை காலம் பொரித்தவர்கள் இதைப் படித்தபோது என்ன நினைத்திருப்பார்கள்?

இப்போது பல வீடுகளில் ஜொன்னைக் கடையில் வாங்கிவிடுகிறார்கள். சியோலின் கொங்தொக் சந்தையில் ஜொன் விற்பதற்கென்றே ஒரு சந்து இருக்கிறது. சூசொக்குக்கு முந்தைய நாள் அங்கே, கூடையில் வேண்டியதைப் பொறுக்கி எடை போட்டு வாங்கிச் செல்ல நீண்ட வரிசை நிற்கிறது. சட்டிகளுக்குப் பின்னால் நின்று பொரித்துக் கொடுப்பவர்கள் பெரும்பாலும் வயதான பெண்கள்.

நன்றி, வணக்கம்.