பூவோடு சேர்ந்த நார்

தலைமை தாங்கும் வாசகசாலைத் தலைவர் அவர்களே, எல்லை தாண்டி கேரளத்துப் பாறசாலையிலிருந்து வந்திருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் அவர்களே, வார்டு உறுப்பினர் அவர்களே, இன்னும் வந்து சேராத சிறப்பு விருந்தினர் அவர்களே, எல்லாருக்கும் வணக்கம்.

1956 நவம்பர் 1 அன்று நம் குமரி மாவட்டத்தின் நான்கு தாலுகாவும், அப்போது சென்னை மாநிலம் என்றிருந்த தமிழ்நாட்டோடு சேர்ந்தன. சேர்ந்தது என்றாலே எனக்கு நாக்கில் வருவது, பூவோடு சேர்ந்த நாரும் மணக்கும். போன வருடமும் இதைத்தான் சொன்னேன், தெரியும்.

பிச்சிப் பூவைப் பற்றி மூன்று விஷயம் சொல்ல வந்தேன்: கொடியின் குணம், இலக்கியம், அத்தர் வியாபாரம். தமிழிலும் மலையாளத்திலும் இதற்குப் பிச்சி என்றே பெயர். சில ஊர்களில் ஜாதிமல்லி என்பார்கள். பாகல்போல் சுருள்கம்பி விட்டுப் பிடித்து ஏறாது. பந்தலிலோ வேலியிலோ சாய்ந்து படரும். மொட்டின் முதுகில் செம்மை ஓடியிருக்கும், விரிந்தால் உள்ளே வெள்ளை. அந்தி சாய்ந்துதான் விரியும். நெடுநல்வாடையில், அடைமழையில் சூரியன் தெரியாதபோது, தட்டில் வைத்த பித்திக மொட்டு விரிந்து மணந்ததும் மாலையாயிற்று என்று பெண்கள் விளக்கேற்றுகிறார்கள். அந்தப் பித்திகம் இந்தப் பிச்சிதான்.

மாலைக்கென்றால் மொட்டிலேயே பறித்து, நனைத்த வாழைநாரில் தொடுக்க வேண்டும். நாரின் ஈரத்தில் பூ சீக்கிரம் வாடாது. பூவோடு சேர்ந்த நாரும் மணக்கும், நைலான் மணக்குமா?

என் மகள் கல்யாணத்தில் நடந்ததைக் கேளுங்கள். ஆள் கிடைக்கவில்லை என்று நைலான் நூலில் கட்டிய மாலையைக் கொடுத்துவிட்டார்கள். மாலை மாற்றும்போது நூல் மாப்பிள்ளையின் சட்டைப் பொத்தானில் மாட்டிக்கொண்டது. இவள் இழுக்க, அவர் குனிய, மாமியார் நடுவில் புகுந்து எடுக்கப் பார்க்க, மூன்று பேரும் ஒரே முடிச்சு! நாதஸ்வரக்காரர் என்னவோ ஏதோ என்று கெட்டிமேளம் கொட்டச் சொல்லிவிட்டார். கத்தரிக்கோல் இல்லை. சமையல்காரர் தேங்காய்ச் சில்லு ஒட்டிய கத்தியோடு மணவறைக்கு ஓடி வந்தார். பெண்ணின் பாட்டி, “கத்தியா? கல்யாண வீட்டிலயா?” என்று போட்ட கூச்சலில் வீடியோக்காரரே பயந்துவிட்டார். வாழைநாராக இருந்தால் நகத்தாலேயே கிள்ளியிருக்கலாம்.

மணி அடிக்கிறார்கள். சரி, அத்தர் வியாபாரம் அடுத்த முறை. ஒரே கோரிக்கை: மட்டி வாழை விளையும் நம் மாவட்டத்தில், கோயிலிலும் மண்டபத்திலும் நைலான் மாலை வேண்டாம். இப்போது என் கழுத்தில் போட்டீர்களே, அதையும் இழுத்துப் பார்த்துவிட்டேன். அறுபடவில்லை. கையெழுத்துத் தாள் வாசலில், செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. சிறப்பு விருந்தினரும் அங்கேதான் வந்து நிற்கிறார். முதல் கையெழுத்தை அவரிடமே வாங்கிவிடுங்கள்.