தஞ்சாவூரில் அறுந்த கயிறு

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

அறிவியலை நடத்தி வந்தது அறிஞரின் அறிவா, அரசும் சமூகமுமா? அரசும் சமூகமும்தான் என்று பேச வந்திருக்கிறேன். தலைப்புக்குள் நுழையவிடாமல் எதிரணித் தலைவர் வாசலிலேயே ஒரு கல்லைப் போட்டுவிட்டுப் போனார். "ராஜா உத்தரவு போட்டா முக்கோணத்தோட மூணு கோணமும் சேர்ந்து 180 பாகை வராமப் போயிடுமா?" என்று கேட்டார். நீங்களும் கை தட்டினீர்கள். அந்தக் கைதட்டலைத் திருப்பி வாங்காமல் நான் இறங்கப் போவதில்லை.

அய்யா, தாளில் வரைந்தால் 180. தரையில் வரைந்து பாருங்கள், 180 வராது! பூமி உருண்டை. முக்கோணத்தின் பரப்பில் ஏறத்தாழ 200 சதுர கிலோமீட்டருக்கு ஒரு விநாடி வீதம் கூடிக்கொண்டே போகும். ஒரு பாகையை 3600 கூறு போட்டால் ஒரு கூறுதான் விநாடி. நில அளவைக்காரர் மூன்று கோணத்தையும் அளந்து கூட்டுவார். 180-ஐயும் இந்தக் கூடுதலையும் கழித்தபின் நிற்கும் மிச்சம்தான் அளந்தவரின் பிழை. கூடுதலைக் கழிக்க மறந்தால் ஒழுங்காக அளந்தவர் மேல் வீண்பழி விழும்.

கோணக்கணக்கு முடிந்தது. இனி என் கேள்வி. அந்த முக்கோணம் தரைக்கு எப்படி வந்தது? யார் காசில் வந்தது? யார் முதுகில் வந்தது?

1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தது, திப்பு சுல்தான் மாண்டார். கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் புது நாடு வந்தது. அதை அளக்க வேண்டும். அந்தப் போரில் இருந்த படை அதிகாரி வில்லியம் லாம்ப்டன் முன்வந்தார். அவர் மனசில் இருந்த ஆசை பூமியின் வடிவத்தைக் கண்டுபிடிப்பது. பூமியின் வடிவத்துக்கு எந்தக் கஜானா திறக்கும்? வரிக்கும் படைநடைக்கும் திறந்தது. அதற்கும் முட்டுக்கட்டை வந்தது. மதராஸ் நிதிக்குழுவில் ஒருவர், "ஸ்ரீரங்கப்பட்டணம் போகணும்னா பல்லக்குத் தூக்கிகளின் தலைவனிடம் சொன்னால் போதும், வரைபடம் எதற்கு?" என்கிற மாதிரி மறித்தார். ஆதரித்தவர்கள் கை ஓங்கியிருந்ததால் வேலை நடந்தது. இல்லையென்றால் அத்தனை சூத்திரமும் லாம்ப்டனின் நோட்டுக்குள்ளேயே கிடந்திருக்கும்.

அளப்பதற்குச் சங்கிலி வேண்டும். லண்டனில் செய்த 100 அடி எஃகுச் சங்கிலி, 40 துண்டு, துண்டுக்கு இரண்டரை அடி. ஆங்கிலேயத் தூதர் மெக்கார்ட்னி சீனப் பேரரசருக்குப் பரிசாகக் கொண்டுபோன பொருள்களில் அது ஒன்று. அங்கே ஏற்கவில்லை, கல்கத்தாவுக்கு வந்தது, லாம்ப்டன் கைக்குப் போனது. பீக்கிங் அரண்மனையில் வேண்டாம் என்றதால் பரங்கிமலைக்கு வந்த சங்கிலி அய்யா அது! கோணம் அளக்கும் பெரிய தியோடலைட் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்தபோது, போரில் பிரெஞ்சுக்காரர்கள் கப்பலைப் பிடித்து மொரிஷியஸுக்குக் கொண்டுபோனார்கள். அறிவியல் கருவி என்று தெரிந்ததும் மரியாதையோடு மதராஸுக்கு அனுப்பி வைத்தார்கள். கொண்டுபோனதும் அரசியல், கொடுத்தனுப்பியதும் அரசியல்.

1802 ஏப்ரல் 10. முக்கோணத்தில் ஒரு பக்கத்தைச் சங்கிலியால் அளந்துவிட்டால் போதும், மற்ற பக்கங்களைக் கோணங்களே சொல்லிவிடும். அந்த முதல் பக்கம்தான் அடிக்கோடு. பரங்கிமலைப் பக்கம் தொடங்கி பெரும்பாக்கம் குன்று வரை, ஏழரை மைல். சங்கிலியைத் தரையில் போட்டு இழுத்தால் மேடு பள்ளத்தில் நீளம் பொய் சொல்லும். அதனால் முக்காலிகள் மேல் மரத்தொட்டிகளை மட்டம் பார்த்து வைத்து, அதற்குள் சங்கிலியைக் கிடத்தி, பக்கத்திலேயே வெப்பமானி வைத்தார்கள். சித்திரை வெயில்! ஒரு டிகிரி செல்சியஸ் சூடு ஏறினால் 100 அடி எஃகு மூன்றில் ஒரு பங்கு மில்லிமீட்டர் நீளும். இது என்ன பிரமாதம் என்கிறீர்களா? பத்து டிகிரியைக் கணக்கில் விட்டுவிட்டு 400 தடவை சங்கிலி போட்டுப் பாருங்கள், ஒன்றேகால் மீட்டருக்கு மேல் காணாமல் போகும். அந்த அடிக்கோட்டின் மேல்தான் மற்ற எல்லா முக்கோணமும் நிற்கிறது. அடியில் விட்ட பிழை இமயமலை வரைக்கும் கூடவே வரும்.

இப்போது தஞ்சாவூருக்கு வாருங்கள்.

காவிரிச் சமவெளி. மலை இல்லை, மேடு இல்லை, எங்கே பார்த்தாலும் தென்னந்தோப்பு. முக்கோணம் போட ஒரு முனையிலிருந்து அடுத்த முனை கண்ணுக்குத் தெரிய வேண்டும். தோப்பைத் தாண்டி என்ன தெரியும்? கோயில்தான் தெரியும்! கணித நூலில் இல்லாத உயரத்தை நம் ஊர்க் கோபுரங்கள் கொடுத்தன. 1808-இல் லாம்ப்டன் பெரிய கோயிலுக்கு வருகிறார். ராஜராஜன் கட்டிய விமானம், இருநூறு அடிக்கு மேல். அதன் மேல் தியோடலைட்டை ஏற்ற வேண்டும். எடை அரை டன்!

கப்பி கட்டியாயிற்று. கீழே ஆட்கள் வடம் பிடிக்கிறார்கள். பெட்டி சுவரில் இடிக்காமல் இருக்க, அதை வெளிப்பக்கமாக இழுத்துப் பிடிக்கத் தனிக் கயிறு. பெட்டி ஏறுகிறது. ஏறுகிறது. நடுவர் அவர்களே, மொரிஷியஸ் வரைக்கும் போய்ச் சேதமில்லாமல் திரும்பிய கருவி அது. பிரெஞ்சுக்காரன் கை வைக்காத கருவி. வெளிப்பக்கம் இழுத்துப் பிடித்த கயிறு அறுந்தது! பெட்டி போய்க் கருங்கல்லில் மோதியது.

பெட்டியைத் திறந்தார்கள். கோணத்தைப் படிக்கும் வட்டு, மூன்றடி விட்டம், நெளிந்து கிடந்தது. ஒரு விநாடிக் கோணம் அந்த வட்டின் விளிம்பில் எவ்வளவு இடம் தெரியுமா? ஒரு மில்லிமீட்டரை 450 கூறாக்கினால் ஒரு கூறு. அந்த ஒரு விநாடி பிசகினால் 50 கிலோமீட்டர் தள்ளி ஒரு சாண் விலகும். வட்டு நெளிந்தால் என்ன கதி? வேறு கருவி லண்டனிலிருந்து வர வருஷக்கணக்காகும். லாம்ப்டன் நெளிந்ததை எடுத்துக்கொண்டு திருச்சிராப்பள்ளிக்குப் போனார். வட்டின் சரியான அளவுக்குப் பலகையில் வட்டம் போட்டார். ஆப்பு வைத்து, திருகு வைத்து, கப்பி வைத்து, நெளிந்த இடத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக அந்தக் கோட்டுக்கு இழுத்தார். ஆறு வாரம்! கருவி பழைய நிலைக்கு வந்தது.

லாம்ப்டன் பேரறிவாளர், ஒப்புக்கொள்கிறேன். எதிரணிக்கு அவரை எடுத்துக்கொள்ளும் உரிமை உண்டு. ஆனால் விமானத்தை யார் கட்டினார்கள்? வடத்தை யார் இழுத்தார்கள்? தென்னையைத் தாண்டும் உயரத்தை ஒரு சோழ மன்னனும் அவன் சிற்பிகளும் எண்ணூறு வருஷம் முன்னமே அங்கே எழுப்பி வைத்திருந்தார்கள். அது சமூகம் அய்யா!

அந்த முக்கோணங்களோடு வடக்கே போங்கள். நேபாளம் தன் எல்லைக்குள் அளவைக்காரர்களை விடவில்லை. அதனால் உலகத்தின் உயர்ந்த சிகரத்தை 100 மைலுக்கு அப்பால், காய்ச்சல் மண்டிய சமவெளியில் நின்று பார்த்தார்கள். அத்தனை தூரத்தில் ஒளி காற்றில் வளையும். சிகரம் இருப்பதைவிட உயரமாகத் தோன்றும். அந்த வளைவைக் கழிப்பதே பெரும் பாடு. நில அளவைத் துறையின் கணிதக் கணக்கீடுகளுக்குக் கல்கத்தாவில் தலைவராக இருந்தவர் ராதாநாத் சிக்தார் என்ற வங்காளி. சிகரத்தின் உயரம் 29,002 அடி என்று 1856-இல் அறிவித்தார்கள். இன்றைய அளவு 29,032 அடி. எல்லைக்கு வெளியே நின்று பார்த்து 30 அடிதான் வித்தியாசம்! பெயர் வைக்கும்போது அந்தச் சிகரத்தை அளக்காத, ஓய்வுபெற்றுப் போயிருந்த துறையின் முன்னாள் தலைவர் எவரெஸ்ட் துரையின் பெயரை வைத்தார்கள்.

அது போகட்டும். துறையின் அளவைக் கையேடு 1851-இல் வந்தது. அதன் முக்கியமான கணிதப் பகுதிகள் சிக்தாருடையவை என்று முன்னுரையில் நன்றி இருந்தது. 1870-இல் சிக்தார் இறந்தார். 1875-இல் மூன்றாம் பதிப்பு வந்தது. கணக்கு அப்படியே இருந்தது. அந்த நன்றி இல்லை. 'பிரண்ட் ஆஃப் இந்தியா' ஏடு, இறந்தவரைக் கொள்ளையடிக்கும் செயல் என்று எழுதியது.

இன்னும் ஒன்று சொல்லி அமர்கிறேன். 1843, டேராடூன். நில அளவைத் துறையின் கூலியாட்களை ஒரு மாஜிஸ்திரேட் முறைகேடாக வேலை வாங்கினார். மலை மலையாய்க் கருவி சுமந்த ஆட்கள். வடம் இழுத்தவர்களின் வகையறா. ஒருத்தர் பெயரும் எந்த வரைபடத்திலும் இல்லை. கோண அட்டவணையோடு தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தால் சிக்தாருக்கு ஒரு குறையும் வந்திருக்காது. அவர் எழுந்து எதிர்த்தார். வழக்கு நடந்தது. சிக்தாருக்கு 200 ரூபாய் அபராதம் போட்டார்கள்.

நடுவர் அவர்களே, அந்த 200 ரூபாய் எந்தச் சூத்திரத்தில் வருகிறது என்று எதிரணித் தலைவரைக் கேட்டுச் சொல்லுங்கள்.