ரயில் ஓடாத நாளில் பொலோன்யா

எல்லாருக்கும் வணக்கம். குரல் கொஞ்சம் எதிரொலிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். வெளியே மழை கொட்டுகிறது, நான் குடை இல்லாமல் தெருவில் நின்று பேசிக்கொண்டிருக்கிறேன், ஒரு சொட்டு கூட மேலே விழவில்லை. ஏன் என்று காட்டுகிறேன்.

இன்று ஃப்ளாரன்ஸ் காட்டுவதாகப் போன வீடியோவில் சொல்லியிருந்தேன். இது ஃப்ளாரன்ஸ் இல்லை, இத்தாலியிலேயே இன்னொரு ஊர், பொலோன்யா. காலை ஆறரைக்கு வெனிஸில் ரீஜனல் ரயில் பிடித்தோம், நம் ஊர் பேசஞ்சர் மாதிரி. இங்கே இறங்கி அடுத்த வண்டிக்கு போர்டைப் பார்த்தால் வரிசையாக ஒரே சொல், 'கான்செல்லாத்தோ'. ரத்து. கூட வந்திருக்கும் கொலம்பியத் தோழி தன் ஸ்பானிஷை வைத்தே விசாரித்துவிட்டு வந்தாள். 'ஷோபெரோ', அதாவது வேலைநிறுத்தம்.

ஜெர்மனியில் படித்துக்கொண்டே இத்தாலி சுற்ற நினைப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். இங்கே ரயில் வேலைநிறுத்தத்தை முன்கூட்டியே அறிவித்துவிடுவார்கள். வார நாட்களில் காலை 6 முதல் 9, மாலை 6 முதல் 9 வரை மட்டும் குறிப்பிட்ட வண்டிகள் கட்டாயம் ஓடும். நாங்கள் அந்தக் காலை நேரத்தில் வந்து சேர்ந்துவிட்டோம், அதற்குமேல் போக வழியில்லை. முந்தின இரவே பார்த்திருக்க வேண்டும். அப்புறம், பாஸ்போர்ட்டும் ஜெர்மன் ரெசிடென்ஸ் பர்மிட் கார்டும் எப்போதும் கையில் இருக்கட்டும், ஹாஸ்டலில் கேட்பார்கள்.

சரி, பைகளைக் காசு கட்டி வைத்துவிட்டு நான்கு பேரும் நடக்க ஆரம்பித்தோம். மழை பிடித்தது. தெருவில் யாருமே ஓடவில்லை, கவனித்தீர்களா? ஏனென்றால் நடைபாதை முழுக்க வீடுகளுக்கு அடியில் போகிறது. நம் ஊரில் கார் நிறுத்த வீட்டு முன்னால் கட்டுகிறோமே போர்டிகோ, அதே சொல்தான். இவர்கள் 'போர்த்திகோ' என்கிறார்கள். ஊர் முழுக்கச் சேர்த்தால் 62 கிலோமீட்டர். 2021-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்திருக்கிறது.

இது எப்படி வந்தது என்று படித்தபோது எனக்குச் சிலிர்த்துவிட்டது. இங்கே இருக்கும் பல்கலைக்கழகம் 1088-ல் தொடங்கியதாகக் கணக்கு, ஐரோப்பாவிலேயே பழையது. எங்கெங்கிருந்தோ மாணவர்கள் வந்து குவிந்தார்கள். ஊரில் இடம் போதவில்லை. வீட்டுக்காரர்கள் மாடி அறைகளைத் தெருப் பக்கமாக நீட்டிக் கட்டினார்கள், பாரம் தாங்கக் கீழே மரத்தூண் கொடுத்தார்கள். 1288-ல் ஊர்ச் சட்டமே வந்துவிட்டது: புது வீடு கட்டினால் போர்த்திகோ வைத்தே கட்ட வேண்டும். இடம் வீட்டுக்காரருடையது, பராமரிப்பும் அவர் பொறுப்பு, நடப்பது மட்டும் ஊரார் எல்லாரும்.

எனக்கு உடனே எங்கள் பாட்டி வீட்டுத் திண்ணைதான் ஞாபகம் வந்தது. வீடு நம்முடையது, திண்ணை வழிப்போக்கனுக்கு. மியூனிக்கில் வாடகைக்கு அறை தேடி நான்கு மாதம் அலைந்தவன் நான். மாணவன் தங்க இடம் வேண்டும் என்பதற்காக ஒரு ஊரே தன் முகத்தை மாற்றிக்கொண்டது என்பது எனக்குச் சாதாரணமாகத் தெரியவில்லை.

இப்போது நான் நிற்கும் இடத்தைப் பாருங்கள். ஸ்த்ராதா மஜ்ஜோரே தெரு, காசா இசொலானி என்ற வீடு, 13-ஆம் நூற்றாண்டு. கேமராவை மேலே தூக்குகிறேன். இந்த ஓக் மரத்தூண்கள் ஒன்பது மீட்டர் உயரம். கிட்டே வாருங்கள். மரம் நெடுக வெடித்திருக்கிறது, வெடிப்புக்குள் என் சுண்டுவிரல் போகும். அடியில் கல் பீடம், ஈரம் ஏறாமல் இருக்க. நம் ஊர்த் தேக்குத்தூணுக்குக் கீழே கல் வைப்பது போலவேதான். இன்னும் மேலே மாடி அப்படியே இந்தத் தூண்கள் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது.

மத்தியானம் ஆர்க்கிஜின்னாசியோ போனோம், 1563-ல் பல்கலைக்கழகத்துக்காகக் கட்டிய கட்டிடம். சுவர், கூரை, படிக்கட்டு எங்கும் பழைய மாணவர்களின் குலச் சின்னங்கள், சுமார் 6,000. ஒவ்வொன்றும் இங்கே வந்து படித்த யாரோ ஒரு பையன். மாடியில் உடற்கூறு அரங்கம், முழுக்க மரம். நடுவில் வெள்ளைப் பளிங்கு மேசை, அதன் மேல்தான் பிணத்தை அறுத்துப் பாடம் எடுத்திருக்கிறார்கள். ஆசிரியர் இருக்கையின் இரு பக்கமும் தோல் உரித்த இரண்டு மனித உருவங்கள் நிற்கின்றன, மரத்தில் தசை நார் ஒவ்வொன்றும் தெரிகிறது. 1944 ஜனவரியில் குண்டு விழுந்து இந்த அரங்கம் நொறுங்கியது. இடிபாட்டில் கிடைத்த துண்டுகளைப் பொறுக்கியெடுத்துத் திரும்பச் சேர்த்திருக்கிறார்கள். என் அறைத்தோழன் பயோமெடிக்கல் படிக்கிறான், அவனை அங்கிருந்து கிளப்புவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

அந்தக் காலத்தில் இங்கே மாணவர்கள்தான் சங்கமாகச் சேர்ந்து ஆசிரியருக்குச் சம்பளம் கொடுத்தார்கள். வகுப்புக்குத் தாமதமாக வந்தால் ஆசிரியருக்கு அபராதம்.

இந்த ஊரின் அடையாளமான ரெட்டைக் கோபுரம் பற்றிக் கேட்பீர்கள். பெரியது அஸினெல்லி, 97 மீட்டர். பட்டம் வாங்கும் முன் அதில் ஏறினால் படிப்பு முடியாது என்று இங்கே மாணவர்களிடம் ஒரு நம்பிக்கை உண்டு. பக்கத்தில் நிற்கும் சின்னக் கோபுரமான கரிசெண்டாவின் சாய்வு கவலை தருவதால் அஸினெல்லியையும் 2023-லிருந்து அடைத்துவிட்டார்கள், அதனால் கீழிருந்துதான் பார்த்தோம்.

சாப்பாடு பற்றி ஒரு வார்த்தை. சைவமாக இருப்பவர்கள் 'தொர்த்தெல்லீனி' என்றால் உள்ளே இறைச்சி என்று தெரிந்துகொள்ளுங்கள். 'தொர்த்தெல்லோனி' கேளுங்கள், பெரும்பாலும் ரிக்கோட்டா பாலாடைக்கட்டிதான் வைத்திருப்பார்கள், வெண்ணெயும் சேஜ் இலையும் போட்டுத் தருவார்கள். ஆனாலும் கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். பார்மிஜானோவில் கன்றுக்குட்டி வயிற்றிலிருந்து எடுக்கும் உறைபொருள் சேர்ப்பதால் எங்கள் கோயம்புத்தூர்த் தோழி அதைத் தூவ வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

மாலை ஆறு மணிக்கு வண்டி ஓட ஆரம்பித்தது. நால்வரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். ஃப்ளாரன்ஸ் ஹாஸ்டலுக்கு ஒரு இரவுக் காசு போனாலும் பரவாயில்லை என்று இங்கேயே தங்கிவிட்டோம். நாளை விடிந்ததும் சான் லூகா குன்றுக்கு நடக்கப் போகிறோம். ஊர் வாசலிலிருந்து மலைமேல் மாதா கோயில் வரை 666 வளைவுகள், ஏறத்தாழ நான்கு கிலோமீட்டர், முழுக்கக் கூரைக்கு அடியில். மழை பெய்தாலும் கேமராவை வெளியே எடுக்கலாம்.

அதோ, மூவரும் எதிர்த் தூணுக்குக் கீழே உட்கார்ந்து பீட்சா அட்டைப்பெட்டியைத் திறந்துவிட்டார்கள். நான் போகிறேன்.