வேலை மாறியதா? பார் கவுன்சிலுக்கும் சொல்லுங்கள்

நேயர்களுக்கு வணக்கம். சட்டக் கல்லூரியில் ஒன்றாகப் படித்தவர்களின் வாட்ஸ்அப் குழுவில் செய்திகளுக்குக் குறைவில்லை. ஒருவருக்கு வங்கியில் சட்ட அதிகாரி வேலை கிடைத்திருக்கும். ஒருவர் திருமணமாகி பெங்களூருவில் குடியேறியிருப்பார். இன்னொருவர் கம்பெனி வேலையை விட்டுவிட்டு மறுபடி நீதிமன்றத்துக்கு வருகிறார். வாழ்த்துகளெல்லாம் வந்து சேர்ந்துவிடும். ஆனால் இந்தச் செய்திகள் போய்ச் சேர வேண்டிய இன்னோர் இடம், வழக்கறிஞர்களைப் பதிவு செய்து நெறிப்படுத்தும் பார் கவுன்சில். அதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள்.

புதிதாகப் பட்டம் வாங்கியவர்களுக்கு முதலில் இரண்டு வார்த்தை. பதிவுக் கட்டணம் பொதுப்பிரிவினருக்கு 750 ரூபாய், பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 125 ரூபாய். அதற்கு மேல் வசூலிக்கக் கூடாது என்று 2024 ஜூலை 30 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பதிவானதும் அகில இந்திய பார் தேர்வை இரண்டு ஆண்டுக்குள் எழுதித் தேறிவிடுங்கள். நூறு கேள்விகள், தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை. குறிப்புகள் இல்லாத சட்டப் பிரதியை உள்ளே கொண்டுபோகலாம். ஆகவே பிரிவு எண்களை மனப்பாடம் செய்வதைவிட, எந்தச் சட்டத்தில் எது எங்கே இருக்கிறது என்று கை பழகுவதுதான் பயன் தரும்.

இனி வேலைக்குப் போகிறவர்கள். வழக்கறிஞராகப் பதிவு செய்தவர் முழுநேரச் சம்பள வேலையில் சேர்ந்தால் தொழில் செய்யும் உரிமையை நிறுத்தி வைக்க வேண்டும். இது பார் கவுன்சில் விதி 49. அதற்கான அறிவிப்பை வேலையில் சேர்ந்ததும் தர வேண்டும். சன்னதின், அதாவது வழக்கறிஞர் பதிவுச் சான்றின், அசலையும் ஒப்படைக்க வேண்டும். அனுப்பும் கடிதத்தின் நகல், பதிவுத் தபால் ரசீது, வேலை உத்தரவு மூன்றையும் ஒரே கோப்பில் வையுங்கள். திரும்பி வரும் நாளில் இவைதான் பேசும்.

எல்லா வேலைக்கும் சன்னதை ஒப்படைக்க வேண்டும் என்று நினைத்துவிட வேண்டாம். சட்டக் கல்லூரியில் பாடம் நடத்தலாம், ஆனால் நாளைக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் கூடாது. கம்பெனியின் இயக்குநர் குழுவில் இருக்கலாம். நிர்வாகப் பொறுப்பில் இருக்கக் கூடாது, நிர்வாக இயக்குநராகவோ செயலாளராகவோ ஆகக் கூடாது. வியாபாரத்தில் பணம் போட்டு, வேலையில் தலையிடாத பங்குதாரராக இருக்கலாம். கடையில் உட்கார்ந்து கவனிக்கத் தொடங்கினால் விதிமீறல். பகுதிநேர வேலை என்றால் பார் கவுன்சிலின் சம்மதம் வேண்டும்.

சொல்லாமல் இருந்தால் யாருக்குத் தெரியப்போகிறது என்று சிலர் நினைக்கிறார்கள். நீதிபதித் தேர்வில் தெரிந்துவிடும். சிவில் நீதிபதிக்கு மூன்று ஆண்டு தொழில் அனுபவம் கட்டாயம் என்று 2025 மே 20 அன்று உச்ச நீதிமன்றம் கூறியது. பார் தேர்வில் தேறும் முன் கிடைக்கும் தற்காலிகப் பதிவு நாளிலிருந்தே அது கணக்காகும். ஆனால் அந்த அனுபவத்துக்கு நீதிமன்றத்தின் முதன்மை நீதித்துறை அலுவலர் சான்று தர வேண்டும். அல்லது பத்து ஆண்டு அனுபவமுள்ள வழக்கறிஞரின் சான்றில் அந்த அலுவலர் மேலொப்பம் இட வேண்டும். அதனால் ஆஜரான வழக்குகளின் எண், நாள், வக்காலத்து நகல் ஆகியவற்றை முதல் மாதத்திலிருந்தே சேர்த்து வையுங்கள். மாவட்ட நீதிபதிப் பணிக்கு வழக்கறிஞராக ஏழு ஆண்டு முடித்தவர், விண்ணப்பிக்கும் நாளிலும் வழக்கறிஞராகத் தொடர்ந்துகொண்டிருக்க வேண்டும் என்பது 2013-இல் வந்த தீர்ப்பு. சன்னதை நிறுத்தி வைத்திருக்கும்போது விண்ணப்பித்தால் அங்கேயே தடை.

ஊர் மாறியவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. 1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர் சட்டத்தின் 18-ஆம் பிரிவின்படி ஒரு மாநிலப் பட்டியலிலிருந்து இன்னொரு மாநிலத்துக்குப் பெயரை மாற்றிக்கொள்ளக் கட்டணமே இல்லை. விண்ணப்பம் இந்திய பார் கவுன்சிலுக்குப் போக வேண்டும். ஒழுங்கு நடவடிக்கை நிலுவையில் இருந்தால் சிக்கல் வரும். மாற்றுவதற்குப் பதில் புது மாநிலத்தில் புதிதாகப் பதிவு செய்வது பெருந்தவறு. ஒரே நேரத்தில் இரண்டு பட்டியலில் பெயர் இருக்கச் சட்டம் இடம் தரவில்லை.

திருமணத்துக்குப் பின் பெயர் மாற்றம் பற்றிப் பெண் வழக்கறிஞர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். சன்னதில் உள்ள பெயரை அப்படியே விட்டுவிடுவது நல்லது என்பேன். பட்டச் சான்று, வக்காலத்து, தீர்ப்புத் தொகுப்புகள் எல்லாம் அந்தப் பெயரில்தானே இருக்கின்றன! மாற்றியே ஆக வேண்டுமென்றால் முதலில் அரசிதழில் வெளியிட்டு, பிறகு பார் கவுன்சிலை அணுகுங்கள். நம் ஊரில் முன்னெழுத்தும் ஒரு தொல்லை. ஓர் ஆவணத்தில் முன்னெழுத்து, இன்னொன்றில் அப்பா பெயர் முழுமையாக என்றிருந்தால் பதிவுக்கு முன்பே ஒன்றுபோல ஆக்கிக்கொள்ளுங்கள். திருமணத்துக்கு முன் வழக்கறிஞர் சேமநல நிதிக்கு வாரிசு நியமனம் கொடுத்தவர்கள் அதையும் எடுத்துப் பார்க்க வேண்டும்.

வேலையை விட்டு மறுபடி நீதிமன்றத்துக்கு வருகிறவர், பார் கவுன்சில் செயலாளருக்கு விண்ணப்பிக்க வேண்டும். இடைப்பட்ட காலத்தில் வழக்கறிஞர் சட்டத்தின் 24-ஏ பிரிவில் சொல்லியிருக்கும் தகுதியிழப்பு எதுவும் நேர்ந்ததா என்று தெரிவிக்கும் பிரமாணப் பத்திரம் கூடவே இருக்க வேண்டும். வேலையிலிருந்து விடுவித்த உத்தரவையும் இணையுங்கள். பதிவுக் குழு ஒப்புக்கொண்டதும் சன்னது மேற்குறிப்புடன் திரும்பக் கைக்கு வரும். அது வரும்வரை வக்காலத்தில் கையெழுத்துப் போட வேண்டாம்.