கடைசி இரண்டு தண்ணீர்

எல்லாருக்கும் வணக்கம். கண்மாயைப் பற்றிப் பேசக் கூப்பிட்டீர்கள். நான் பொறியாளர் இல்லை. கமுதிப் பக்கம் வாத்தியாராக இருந்தவன். வருகைப் பதிவேட்டை வைத்துத்தான் எனக்குப் பேச வரும்.

நம் ராமநாதபுரம் மாவட்டத்தில் வருஷ மழை 800 மில்லிமீட்டரைச் சுற்றித்தான். அதிலும் பெரும்பகுதி ஐப்பசியிலிருந்து மார்கழிக்குள் கொட்டிவிடும். புரட்டாசியில் புழுதியில் விதைத்த நெல் அந்த மழையில் எழும்பிவிடும். ஆனால் கதிர் பால் பிடிக்கும்போது வானம் வெளுத்திருக்கும். அப்போது கண்மாயிலிருந்து இரண்டு தண்ணீர் பாய்ந்தால் நெல் வீடு வந்து சேரும். இல்லாவிட்டால் அத்தனையும் மணி பிடிக்காத சாவி, மாடுதான் மேயும்.

சரி, இதில் பிள்ளைகள் எங்கே வருகிறார்கள்? சாவியாகிற மாதத்தைப் பாருங்கள். தை பிறந்ததும் அப்பாவும் அம்மாவும் விறகைக் கரியாக்குகிற கரிமூட்டத்துக்கோ செங்கல் சூளைக்கோ கிளம்பிவிடுவார்கள். பிள்ளையும் கூடப் போகும். ஆண்டுத் தேர்வோ பங்குனியில். ஆனியில் திரும்பி வருகிறவனை அடுத்த வகுப்பில் உட்கார வைத்துவிடுவோம், பின்னக் கணக்கு மட்டும் அவனுக்குத் தெரியாது.

ஒரு வருஷம் கண்மாய் பாதிதான் நிறைந்தது. மாசி மாதப் பதிவேட்டில், தண்ணீர் முதலில் பாய்கிற தலைமடை வீட்டுப் பிள்ளைகள் இருந்தார்கள். தண்ணீர் கடைசியாகப் போய்ச் சேருகிற கடைமடைப் பிள்ளைகள் பெயருக்கு நேரே வரிசையாகச் சிவப்பு மை. ஒரே கண்மாய், ஒரே வகுப்பு.

பெண் பிள்ளைகள் கதை வேறு. கண்மாயில் தண்ணீர் நின்றால் கரைக்கு வெளியே இருக்கிற கிணறு ஊறும். வற்றிவிட்டால் குடங்களை அடுக்கிய தள்ளுவண்டிதான். ஊற்றுத் தோண்டி, கொட்டாங்குச்சியால் மோந்து, ஒரு குடம் நிறைவதற்குள் பள்ளிக்கூட மணி அடித்துவிடும். இரண்டாவது பாடவேளையில் பாவாடை ஓரம் நனைந்தபடி வாசலில் வந்து நிற்பாள். நானும் ஆரம்பத்தில் திட்டியிருக்கிறேன்.

கண்மாய் வற்றி ஊத்தா போட்டு மீன் பிடிக்கிற அன்று ஒரு பையனும் வர மாட்டான். அந்த லீவை நான் கணக்கில் சேர்க்கவில்லை!

நம் முன்னோர் தண்ணீரைப் பங்கிட்டுப் பாய்ச்ச நீர்பாய்ச்சி என்று ஓர் ஆள் வைத்திருந்தார்கள். தண்ணீர் குறைந்த வருஷம் வயல்காரர் யாரும் மடையைத் தொடக் கூடாது. வயல் வயலாக அவர்தான் திருப்பிவிடுவார். கூலி களத்தில் நெல்லாக. கடைமடைக்கும் அந்த இரண்டு தண்ணீர் போய்ச் சேர்ந்தது அப்படித்தான். இன்று ராத்திரியில் இன்ஜின் வைத்து இறைக்கிறவர் யாரென்று எல்லாருக்கும் தெரியும், கேட்கத்தான் ஆள் இல்லை.

நீர்பாய்ச்சியை மறுபடி வையுங்கள். ஆவணிக்கு இன்னும் நாள் இருக்கிறது. கண்மாய்க்குத் தண்ணீர் வருகிற வரத்துக்காலில் மண்டிக் கிடக்கிற சீமைக்கருவேலத்தை முதலில் வெட்டுவோம். கரைக்குக் கல் பதிப்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.