நாற்பதா, ஐம்பதா? ஒரு டயர் கேள்வியும் சுற்றி வளைத்த பதிலும்

வணக்கம். இந்த வாரம் பத்துக் கேள்விகளுக்காவது விடை சொல்லிவிடலாம் என்று எடுத்து வைத்திருந்தேன். முதல் கேள்வியிலேயே மாட்டிக்கொண்டேன். மூன்று நாளாக அது என்னை விடவில்லை. படிக்கிறேன், கேளுங்கள்.

"அண்ணா, அடுத்த ஆண்டு முதல்முறையாக 200 மைல் கிராவல், அதாவது சரளைப் பாதை சைக்கிள் போட்டிக்குப் போகிறேன். என் எடை 62 கிலோ. இப்போது 40 மில்லிமீட்டர் டயர் போட்டிருக்கிறேன். முன்னணி வீரர்கள் 50க்கும் மேலே, மலைச்சைக்கிள் டயர் வரை போய்விட்டார்கள் என்கிறார்கள். நானும் மாற்ற வேண்டுமா? சுற்றி வளைக்காமல் வேகமான டயர் ஒன்றின் பெயரை மட்டும் சொல்லுங்கள்."

கடைசி வரிதான் குத்தியது. சுற்றி வளைக்காமலாம்! தம்பி என் பழைய காணொளிகளை எல்லாம் பார்த்திருக்கிறார் போலிருக்கிறது. சரி, முயன்று பார்க்கிறேன். ஆனால் ஒன்று கவனித்தீர்களா? எடையைச் சொன்னார், டயரின் அகலத்தைச் சொன்னார், தூரத்தைச் சொன்னார். அந்த டயருக்குள் எவ்வளவு காற்று அடைக்கிறார் என்பதைச் சொல்லவே இல்லை. வழக்கமாகப் பார்க்கிறவர்களுக்கு நான் எங்கே போகிறேன் என்று இப்போதே தெரிந்திருக்கும். போன மாதம் ஒருவர் என்னைக் "காற்றுமானி அண்ணன்" என்றே எழுதியிருந்தார். இருக்கட்டும், அந்தப் பட்டத்தை ஏற்றுக்கொள்கிறேன்.

முதலில் அகலம். தயங்க வேண்டாம், அகலமாகப் போங்கள். ஏன் என்பதற்கு ஒரு பழைய கதை. 1888இல் பெல்ஃபாஸ்டில் ஜான் பாய்ட் டன்லப் என்ற கால்நடை மருத்துவர், தன் மகனுடைய மூன்று சக்கர வண்டிக்குக் காற்றடைத்த ரப்பர் குழாயைச் சுற்றிவிட்டார். அதுவரை கெட்டி ரப்பர்தான். கரடுமுரடான தரையில் பையன் குலுங்காமல் ஓட்ட வேண்டும் என்பதுதான் அப்பாவின் கவலை. மறு ஆண்டே வில்லி ஹியூம் என்ற வீரர் அதே மாதிரி டயரோடு பெல்ஃபாஸ்ட் பந்தயத்தில் இறங்கினார். இவ்வளவு தடித்த டயரா என்று பார்த்தவர்கள் சிரித்தார்களாம். அவர் வென்றுவிட்டுப் போனார். சொகுசுக்காகச் செய்த பொருள்தான் வேகமாகவும் இருந்தது. நூற்று முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது, தடித்த டயரைப் பார்த்தால் இன்னமும் நமக்குச் சந்தேகம் வருகிறது.

வழவழப்பான சாலையில் டயர் நசுங்கி நிமிர்வதில்தான் பெரும்பங்கு ஆற்றல் வீணாகிறது. கெட்டியாகக் காற்றடித்தால் நசுங்கல் குறையும், அதனால் வேகம் என்று எல்லோரும் நம்பினோம். சரளையில் கணக்கு மாறிவிடுகிறது. ஒவ்வொரு கல்லும் சைக்கிளைத் தூக்கிப் போடுகிறது. சைக்கிளின் மேல் உட்கார்ந்திருப்பவர் சதையும் தசையுமான ஒரு மூட்டை. அந்த மூட்டை குலுங்கும்போது கால்கள் கொடுத்த ஆற்றல் வெறும் சூடாகிக் கழிகிறது. டயர் கல்லை விழுங்கிக்கொண்டால் உங்கள் உடல் அந்த அடியை வாங்க வேண்டியதில்லை. பதின்மூன்று மணி நேரம் ஓட்டப்போகிறவருக்கு இது சின்ன விஷயமா? பத்தாவது மணி நேரத்தில் கைவிரல் மரத்துப்போய்க் கியர் மாற்ற முடியாமல் தவித்தவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

இன்னொன்று சொல்ல வேண்டும், இது பலருக்குப் புரியாத இடம். ஒரே அழுத்தத்தில் அகலமான டயர் குறுகலான டயரைவிடக் கெட்டியாகத்தான் இருக்கும். டயரின் துணியில் ஏற்படும் இழுவிசை, அழுத்தத்தையும் டயரின் பருமனையும் பெருக்கினால் வருவது. 25 மி.மீ. டயரில் 50 பிஎஸ்ஐ (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) தரும் விறைப்பை, 50 மி.மீ. டயர் 25 பிஎஸ்ஐயிலேயே தந்துவிடும். அகலமான டயரை வாங்கிப் போட்டுவிட்டுப் பழைய டயருக்கு அடித்த அளவே அடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். "அகலமாக்கியும் குலுங்குகிறதே, பணம் போயிற்றே" என்று எனக்கு எழுதுகிறார்கள். குற்றம் டயருடையதா?

சட்டகத்தில் இடம் இருக்கிறதா என்று மட்டும் அளந்து பாருங்கள். டயரின் மேல் எழுதியிருக்கும் எண்ணை நம்பாதீர்கள். ரிம்மின் உள் அகலம் கூடினால் டயரும் விரியும். மாட்டிக் காற்றடித்து ஒரு நாள் விட்டு அளந்தால் இரண்டு மி.மீ. கூடியிருப்பதும் உண்டு. இருபுறமும், மேலேயும் 6 மி.மீ. இடைவெளியாவது இருக்க வேண்டும். மலைச்சைக்கிளின் 29 அங்குலச் சக்கரமும் நம் கிராவல் சைக்கிளின் 700சி என்கிற அளவுச் சக்கரமும் டயர் உட்காரும் இடத்தில் ஒரே 622 மி.மீ. விட்டம்தான். அதனால்தான் முன்னணி வீரர்கள் 2.2 அங்குல மலைச்சைக்கிள் டயரை, அதாவது 56 மி.மீ. அகலத்தை, இடமுள்ள கிராவல் சட்டகத்தில் நுழைத்துவிடுகிறார்கள். உங்கள் சட்டகம் 45தான் ஏற்கும் என்றால் 45 போடுங்கள். அதற்காகப் புதுச் சைக்கிள் வாங்கக் கிளம்பிவிடாதீர்கள்.

ஏன் 6 மி.மீ. என்றால், சேறு. 200 மைல் என்றாலே எல்லோரும் நினைப்பது அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் எம்போரியாவில் நடக்கும் அன்பவுண்ட் போட்டியை. 2023இல் அங்கே புறப்பட்டுப் பதினோரு மைல் தாண்டுவதற்குள் களிமண் பாதை வந்தது. சக்கரம் சுற்றவில்லை, சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். சட்டகத்துக்கும் டயருக்கும் நடுவில் அடைந்த சேற்றைச் சுரண்ட ஒரு பட்டையான மரக்குச்சி வைத்திருந்தவர்கள் புத்திசாலிகள். பெயின்ட் கலக்குகிற குச்சிதான், வேறொன்றும் இல்லை. சுரண்டாமல் மிதித்தவர்களில் சிலருக்குப் பின் டிரெய்லியர், அதாவது கியர் மாற்றச் செயினை நகர்த்தும் பாகம், முறிந்து போட்டியே முடிந்துவிட்டது. ஆயிரக்கணக்கில் செலவழித்துக் கிராம் கிராமாக எடை குறைத்த சைக்கிளை ஒரு குச்சி காப்பாற்றியது. நான் அந்தப் போட்டிக்குப் போனதில்லை. ஆனால் அன்றிலிருந்து என் பையிலும் ஒரு குச்சி உண்டு.

எங்கே விட்டேன்? காற்று. முன்பு ஒருமுறை சொன்னதுதான், புதிதாக வந்தவர்களுக்காக மறுபடியும். என் இரண்டாவது நீண்ட போட்டி. முதல் நாள் இரவே எல்லாவற்றையும் தயார் செய்துவிட்டுப் படுக்க வேண்டும் என்று, கதகதப்பான அறைக்குள் உட்கார்ந்து 26 பிஎஸ்ஐ வைத்தேன். அறையில் 25 டிகிரி இருக்கும். விடியற்காலையில் வெளியே 5 டிகிரி. காற்று குளிர்ந்தால் சுருங்கும் என்பது பள்ளிக்கூடப் பாடம். கணக்குப் போட்டால் 26 என்பது ஏறத்தாழ 23 ஆகியிருக்கும். இரவில் கசிந்தது தனி. புறப்படுகிற இடத்தில் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன், சரியாக இருப்பது போலத்தான் இருந்தது. குளிரில் மரத்த விரலுக்கு எல்லாமே கெட்டிதான்! நாற்பதாவது கிலோமீட்டரில் இறக்கத்தில் ஒரு கல். ரிம் போய் இடித்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. ரிம் விளிம்பும் கல்லும் சேர்ந்து டயரைக் கத்திரித்துவிட்டன, அதுவும் ரிம்மை ஒட்டிய அடிப்பகுதியில். அங்கே திரி, அதாவது துளையில் செருகி அடைக்கும் ரப்பர் துண்டு, வைத்தால் நிற்காது. மீதி நாள் முழுவதும் டியூப் போட்டு, பயந்து பயந்து ஓட்டினேன். காற்றுமானி எங்கே இருந்தது என்கிறீர்களா? வீட்டில்.

மறுபக்கமும் உண்டு. விடியற்காலை 10 டிகிரியில் 30 வைத்தால், நண்பகல் 35 டிகிரியில் அது 34 ஆகிவிடும். மதியம் சைக்கிள் ஏன் குதிக்கிறது என்று யோசிப்பீர்கள். ஆகவே புறப்படும் இடத்தில், வெளியில், அரை மணி நேரம் முன்னால், உங்கள் சொந்தக் காற்றுமானியால் பாருங்கள். பக்கத்தில் நிற்பவரிடம் இரவல் வாங்காதீர்கள். இரண்டு காற்றுமானிகள் ஒரே டயரில் ஒரே எண்ணைக் காட்டுவது அபூர்வம். உங்களுடையது இரண்டு பிஎஸ்ஐ பொய் சொன்னாலும் பரவாயில்லை, தினமும் அதே பொய்யைச் சொல்கிறதே, அது போதும். காலால் அழுத்துகிற பெரிய பம்புகளில் 160 வரை காட்டும் முள் இருக்கும். அதில் 26க்கும் 29க்கும் வித்தியாசம் தெரிய வேண்டுமென்றால் பூதக்கண்ணாடி வேண்டும். குறைந்த அழுத்தத்துக்கென்றே இருக்கும் காற்றுமானி வாங்குங்கள். டயருக்கு முன்னால் அதை வாங்குங்கள்.

62 கிலோ எடைக்கு 45 மி.மீ. டயர் என்றால் முன்னால் 26, பின்னால் 28 என்று தொடங்கலாம். கூர்ங்கற்கள் நிறைந்த பாதையில் ஒன்றிரண்டு கூட்டுங்கள். ரிம் இடித்தால் கூட்டுங்கள், பல் ஆடினால் குறையுங்கள். டயரின் விளிம்பைப் பிடிக்கும் கொக்கி இல்லாத ரிம்மாக இருந்தால் 5 பார், அதாவது 72.5 பிஎஸ்ஐ உச்சவரம்பு என்பார்கள். நாம் அந்தப் பக்கமே போகப்போவதில்லை.

இப்போது அந்த "வேகமான" என்ற சொல்லுக்கு வருவோம். 200 மைல் என்பது 322 கிலோமீட்டர். மணிக்கு 25 கி.மீ. என்றால் பதின்மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. மெல்லிய, எடை குறைந்த டயர் போட்டு நூற்றுக்கு ஒன்று வேகம் கூடியது என்றே வைத்துக்கொள்வோம். எவ்வளவு மிச்சம்? எட்டு நிமிடத்துக்கும் குறைவு. பக்கச்சுவர் ஒருமுறை கிழிந்தால் அந்த எட்டு நிமிடம் அங்கேயே போய், மேலும் எட்டு நிமிடம் கடன். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்கிற கதைதான். எம்போரியாவைச் சுற்றியுள்ள ஃபிளின்ட் ஹில்ஸ் குன்றுகளுக்குப் பெயரே அங்குள்ள சிக்கிமுக்கிக் கற்களால் வந்தது. ஆதி மனிதன் கத்தி செய்த வகைக் கல்! நடுப்பகுதி தடிப்பாக இருந்து பக்கச்சுவர் காகிதம் போல இருக்கும் டயர் அங்கே ஆகாது. நல்ல மண் பாதையா, மெல்லியது போதும். பாதையைக் கேட்டுவிட்டு டயரைத் தேடுங்கள்.

ட்யூப்லெஸ்தானா என்று யாரும் இப்போது கேட்பதில்லை, அதனால் நீட்டவில்லை. டயருக்குள் இருந்து துளையை அடைக்கும் திரவமான சீலன்ட்டை மட்டும் புதிதாக ஊற்றுங்கள். இரண்டு மூன்று மாதத்தில் உள்ளே காய்ந்து தோலாகிவிடும். இந்த அளவு டயருக்கு 60 மி.லி. குறைந்தபட்சம், நீண்ட போட்டிக்கு நான் இன்னும் கொஞ்சம் சேர்ப்பேன். முள் குத்திய துளையைச் சீலன்ட் பார்த்துக்கொள்ளும். அதைவிடப் பெரியதற்குத் திரி. அந்தத் திரிக் கருவி கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்க வேண்டும். ஒருமுறை என்னுடையது பைக்குள் மழைச்சட்டைக்கும் அடியில் இருந்தது. டயர் சீறிக்கொண்டிருக்கிறது, நான் பையைக் கவிழ்த்துச் சாலையில் கடைவிரித்துக்கொண்டிருக்கிறேன். எடுத்துக்கொண்டு வருவதற்குள் காற்றும் போயிற்று, சீலன்ட்டும் போயிற்று. பத்து விநாடியில் முடிந்திருக்க வேண்டிய வேலை. இப்போது அதைக் கைப்பிடிக் கம்பிக்குப் பக்கத்திலேயே கட்டி வைக்கிறேன். வீட்டில் ஒரு பழைய டயரைக் குத்தி, கண்ணை மூடிக்கொண்டு திரி வைத்துப் பழகுங்கள். பார்ப்பவர்கள் சிரிக்கட்டும்.

மற்றவை வேகமாக. இரண்டு டியூப், டிபியு என்கிற எடை குறைந்த பிளாஸ்டிக் வகையாக இருந்தால் ஒரு ஜெர்சிப் பையிலேயே அடங்கும். கிழிந்த இடத்தில் உள்ளே வைக்கப் பழைய டயரில் வெட்டிய ஒரு துண்டு. கெட்டி நூலும் ஊசியும். செயினுக்கு ஒரு இணைப்புக் கண்ணி. டிரெய்லியரைத் தாங்கும் ஹேங்கர் ஒன்று, உங்கள் சைக்கிளுக்கே உரியது, ஏனென்றால் வழியில் மற்றவர்களிடம் இருப்பது பெரும்பாலும் உங்களுடையதற்குப் பொருந்தாது. சிறிய கரியமில வாயுக் குப்பி இரண்டு, கூடவே கைப்பம்பு. குப்பி தீர்ந்துவிடும், கை தீராது. குப்பியில் அடித்த காற்று ரப்பர் வழியாகச் சீக்கிரம் கசியும், சில சீலன்ட்டுகளை உறைய வைத்தும் விடும், அதனால் அடுத்த உதவி மையத்தில் சாதாரணக் காற்றால் நிரப்பிக்கொள்ளுங்கள். எவ்வளவு என்று பார்க்க என்ன வேண்டும்? சரி, சரி, சொல்லவில்லை.

கியர் விகிதம், தண்ணீர்ப்பை, விளக்கு பற்றியும் இதே தம்பி இன்னொரு குறிப்பு அனுப்பியிருக்கிறார். தண்ணீருக்குத் தனிக் காணொளியே இருக்கிறது. கியரில், மூச்சு வாங்கும் ஏற்றத்தில் உட்கார்ந்தே மிதிக்க ஒரு பல்சக்கரம் மிச்சம் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். ஒற்றைப் பல்சக்கரமா இரட்டையா என்ற சண்டைக்கு இன்று நான் வரவில்லை.

டயரின் பெயரை இன்னும் சொல்லவில்லை என்று முணுமுணுப்பது கேட்கிறது. தம்பி, மூன்று விஷயம் எழுதி அனுப்புங்கள். சட்டகத்தில் உண்மையில் எத்தனை மி.மீ. இடம் இருக்கிறது, போட்டிப் பாதையில் என்ன கல், இன்றைக்கு உங்கள் டயரில் முன்னும் பின்னும் எத்தனை பிஎஸ்ஐ. மூன்றாவதற்குக் கட்டைவிரல் கணக்கு செல்லாது. வந்ததும் ஒரே ஒரு பெயர் சொல்கிறேன், அப்போது சுற்றி வளைக்க மாட்டேன். அடுத்தது, செயினுக்கு மெழுகா எண்ணெயா என்று ஒரு அம்மா கேட்டிருக்கிறார்.