"நீங்கள் எந்த வகை?" என்று கேட்கும் சபை

கிறிஸ்துவுக்குள் அன்பானவர்களே,

வாலிபர் கூடுகையிலும், திருமண ஆயத்த வகுப்பிலும், ஊழியர் பயிற்சியிலும் இன்று ஒரு கேள்வி சகஜமாகிவிட்டது: "நீங்கள் எந்த வகை?" மனிதரின் ஆளுமையை ஒன்பது வகைகளாகப் பிரிக்கும் எனியகிராம் முறையின் ஒன்பது எண்களில் தமக்குரியதை ஒருவர் சொல்கிறார், மையர்ஸ்-பிரிக்ஸ் என்ற ஆளுமைச் சோதனை தம் வகைக்குக் கொடுத்த நான்கு எழுத்துகளை இன்னொருவர் சொல்கிறார். "எல்லாவற்றையும் சோதித்துப்பார்த்து, நலமானதைப் பிடித்துக்கொள்ளுங்கள்" என்று பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதினார். சோதிக்காமலே தள்ளிவிடுகிறவரும், சோதிக்காமலே அணைத்துக்கொள்கிறவரும் அந்தக் கட்டளையை ஒருபோலவே மீறுகிறார்கள். ஆகையால் இவற்றைச் சோதித்துப் பார்ப்போம்.

முதலில் வரலாறு. மனிதரை நான்கு குணங்களாகப் பிரிப்பது, உடலில் ஓடும் நான்கு நீர்களே குணத்தைத் தீர்மானிக்கின்றன என்ற பண்டைய கிரேக்க மருத்துவத்திலிருந்து வந்தது. மையர்ஸ்-பிரிக்ஸ் முறையை, சுவிஸ் மனநல மருத்துவர் கார்ல் யுங் 1921-இல் வெளியிட்ட கருத்துகளைக் கொண்டு, காத்தரின் பிரிக்ஸ் என்ற அமெரிக்கத் தாயும் இசபெல் மையர்ஸ் என்ற அவருடைய மகளும் வளர்த்தெடுத்தார்கள். எனியகிராமின் ஒன்பது முனைச் சின்னத்தை மேற்கத்திய உலகுக்கு அறிமுகப்படுத்தியவர் குர்ஜீஃப் என்ற மறைஞானப் போதகர். அதனோடு ஆளுமை வகைகளை இணைத்தவர் பொலிவியாவில் பிறந்த ஆஸ்கர் இச்சாசோ. 1970-களின் தொடக்கத்தில் அதைக் கலிபோர்னியாவுக்குக் கொண்டுபோய்ப் பரப்பியவர் சிலி நாட்டு மனநல மருத்துவர் கிளாடியோ நரான்ஹோ. அங்கிருந்து இயேசு சபைக் குருமார் சிலர் வழியாக அது தியான இல்லங்களுக்குள் நுழைந்தது. 2003-இல் புதுயுக இயக்கத்தைக் குறித்து வத்திக்கான் வெளியிட்ட ஆவணம் எனியகிராமையும் எச்சரிக்கையோடு குறிப்பிடுகிறது.

பிறப்பிடம் தவறானது என்பதால் மட்டும் ஒரு கருவி கெட்டதாகிவிடாது. ஆனால், "இது நம் பிதாக்களின் பழைய ஞானம்" என்று சொல்லி ஒன்றைச் சபைக்குள் கொண்டுவரும்போது, அந்தக் கூற்று மெய்யா என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. நான்காம் நூற்றாண்டில் எகிப்தின் வனாந்தரத்தில் வாழ்ந்த துறவி எவாக்ரியஸை எனியகிராமின் முன்னோடி என்று சிலர் காட்டுகிறார்கள். அவர் எட்டுத் தீய எண்ணங்களைக் குறித்து எழுதியது உண்மைதான். ஆனால், அவர் எட்டு வகைத் துறவிகளைக் குறித்து எழுதவில்லை. பெருந்தீனி, காமம், பொருளாசை, துயரம், கோபம், சோர்வு, வீண்பெருமை, அகந்தை ஆகிய எட்டும் ஒரே மனிதனை முற்றுகையிடக்கூடியவை என்பதும், அவன் எட்டையும் எதிர்த்துப் போராட வேண்டும் என்பதும் அவருடைய போதனை. "என்னுடையது கோபம், மற்ற ஏழும் எனக்குரியவை அல்ல" என்று ஒரு துறவி அவரிடம் போய்ச் சொல்லியிருந்தால், அகந்தையைக் குறித்து எழுதிய பகுதியை முதலில் படித்துவிட்டு வா என்றே அவர் அனுப்பியிருப்பார் என்று நான் நினைக்கிறேன்.

"ஆனாலும் அது என்னை அப்படியே சொல்லிவிட்டதே!" என்று பலர் வியக்கிறார்கள். 1948-இல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற உளவியலாளர் தம் மாணவர் 39 பேருக்கு ஓர் ஆளுமைச் சோதனை வைத்து, அவரவருக்கென்று எழுதப்பட்டதாகச் சொல்லி ஆளுக்கொரு விளக்கத்தைக் கொடுத்தார். அது எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மதிப்பிடச் சொன்னபோது, சராசரி மதிப்பெண் 4.26 வந்தது. உண்மையில் எல்லாருக்கும் அவர் கொடுத்தது ஒரே விளக்கம்; அதன் வரிகளைச் சோதிடப் புத்தகம் ஒன்றிலிருந்து எடுத்திருந்தார். ஆகவே, "எனக்குப் பொருந்துகிறது" என்ற உணர்வு ஒரு முறை மெய்யானது என்பதற்குப் போதுமான சான்று ஆகாது. வகைப்பாடு எல்லாமே வெறும் மாயை என்று நான் சொல்லவில்லை. பேசுகிறவரும் மௌனமானவரும், திட்டமிடுகிறவரும் உடனே செயல்படுகிறவரும் வேறுபட்டவர்கள் என்பது கண்கூடு. அந்த வேறுபாட்டைப் பொறுமையோடு பேச இவை சில தம்பதியருக்கும் குழுவினருக்கும் வார்த்தைகள் கொடுத்திருக்கின்றன. அந்த அளவில் நன்றியோடு ஏற்கலாம்.

இப்போது என் மனதை மிகவும் பாரப்படுத்துகிற காரியத்துக்கு வருகிறேன். பாவ அறிக்கை இருக்க வேண்டிய இடத்தில் குணவிளக்கம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஒரு சகோதரர் குழுக் கூட்டத்தில் இன்னொருவரைக் கடுமையாகப் பேசிவிடுகிறார். முன்பென்றால், "நான் செய்தது தவறு, என்னை மன்னித்துவிடுங்கள்" என்பார். இப்போதோ, "நான் எட்டாம் எண், நேராகப் பேசுவதே என் இயல்பு" என்கிறார். கேட்டவரும் தலையசைக்கிறார். காயம் அப்படியே இருக்கிறது. மன்னிப்புக் கேட்கப்படவும் இல்லை, கொடுக்கப்படவும் இல்லை. "என் மீறுதல்களை நான் அறிந்திருக்கிறேன்; என் பாவம் எப்பொழுதும் எனக்கு முன்பாக நிற்கிறது" என்று சங்கீதக்காரன் ஜெபிக்கிறான். அந்த வாக்கியத்தில் மீறுதல் என்ற சொல்லை எடுத்துவிட்டு இயல்பு என்ற சொல்லை வைத்துப் பாருங்கள்; அங்கே ஜெபிப்பதற்கு ஒன்றும் மிஞ்சாது. இயல்புக்கு விளக்கம் போதும். மீறுதலுக்கே இரத்தம் சிந்தப்பட்டது.

இதோடு சேர்த்து இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வரங்கள் பலவாகப் பகிர்ந்து கொடுக்கப்படுகின்றன என்று 1 கொரிந்தியர் 12 சொல்கிறது. எல்லாரும் அப்போஸ்தலர் அல்ல, எல்லாரும் போதகர் அல்ல. ஆனால், கலாத்தியர் 5-ஆம் அதிகாரத்தில் ஆவியின் கனி ஒருமையில் நிற்கிறது. நீடியபொறுமை சாந்தமான குணமுள்ளவருக்கும், சந்தோஷம் கலகலப்பானவருக்கும், இச்சையடக்கம் ஒழுங்கு விரும்புகிறவருக்கும் என்று பவுல் பங்கு பிரிக்கவில்லை. எல்லாக் குணங்களும் எல்லாரிடமும் எதிர்பார்க்கப்படுகின்றன, எல்லாருக்கும் வாக்குப்பண்ணப்படுகின்றன.

வகைப்பாடே வேதத்தில் இல்லையா என்று கேட்கலாம், இருக்கிறது. தீத்துவுக்கு எழுதும்போது பவுல் ஒரு பழமொழியை எடுத்துச் சொல்கிறார்: "கிரேத்தாதீவார் ஓயாப்பொய்யர், துஷ்டமிருகங்கள், பெருவயிற்றுச் சோம்பேறிகள்." அந்தச் சாட்சி உண்மை என்றும் சொல்கிறார். ஆனால், அதற்குச் சில வசனங்கள் முன்னாலே அதே கிரேத்தாவில் பட்டணந்தோறும் மூப்பரை ஏற்படுத்தச் சொல்லியிருக்கிறார். ஓயாப்பொய்யர் என்று பெயரெடுத்த அந்த ஜனங்களுக்குள்ளிருந்தே, குற்றஞ்சாட்டப்படாத மூப்பர்கள் எழும்புவார்கள் என்று அவர் நம்பினார்.

ஊழியத்துக்கு ஆள் தெரிந்துகொள்ளும் மூப்பர்களே, மாற்குவை நினைத்துக்கொள்ளுங்கள். பம்பிலியாவில் பாதியிலே பிரிந்துபோனவன். அடுத்த பயணத்துக்கு அவன் வேண்டாம் என்று பவுல் பிடிவாதமாக நின்றதால், பர்னபாவும் அவரும் பிரிந்தே போனார்கள். அன்று மாற்குவைப் பற்றி ஒரு கோப்பு எழுதப்பட்டிருந்தால், "நிலையற்ற வகை, நெருக்கத்தைத் தாங்கமாட்டான்" என்று அதில் இருந்திருக்கும். வருஷங்களுக்குப் பின் சிறையிலிருந்து அதே பவுல் எழுதுகிறார்: "மாற்குவை உன்னோடே கூட்டிக்கொண்டுவா, ஊழியத்தில் அவன் எனக்குப் பிரயோஜனமுள்ளவன்."

ஆகவே நான் கேட்டுக்கொள்வது இது. ஊழியத்துக்கான விண்ணப்பத்தில் எண்ணையும் எழுத்தையும் கேட்காதீர்கள். தீமோத்தேயுவுக்கு எழுதின நிருபம் சொல்கிறபடி, அந்த நபரை அறிந்தவர்களிடமும் புறம்பானவர்களிடமும் நற்சாட்சியைக் கேளுங்கள், சிறிய பொறுப்பைக் கொடுத்துப் பாருங்கள், காலம் எடுத்துக்கொள்ளுங்கள். வாலிபர் கூடுகையில் ஒருமுறை இந்தச் சோதனையைப் பயன்படுத்த விரும்பினால் பயன்படுத்துங்கள். அதன் முடிவைக் கொண்டு யாரையும் அழைக்காதீர்கள், யாரையும் இணைக்காதீர்கள், யாரையும் ஒதுக்காதீர்கள். அன்று மாலையே அந்தத் தாள்களை அவரவர் கையில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.